சிறப்பு விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஃபெல்லோஷிப்: வாசகர் கேள்விகள்

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் விளையாட்டுக்காக உழைப்பவர்கள் வெளிநாட்டு ஃபெல்லோஷிப் பற்றிக் கேட்டவற்றில் சில.

சிறப்புப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஃபெல்லோஷிப்பும் ஸ்காலர்ஷிப்பும் ஒன்றுதானா? (திண்டுக்கல் வாசகர்)

இல்லை. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் பட்டம் படிக்க. தொழில்முறை ஃபெல்லோஷிப்பில் பட்டம் கிடையாது. அங்குள்ள அமைப்பு ஒன்றில் வழிகாட்டியோடு சேர்ந்து சில வாரங்கள் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு, ஊரில் செய்யப்போவதற்கு ஒரு செயல்திட்டத்தோடு திரும்ப வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2012-ல் தொடங்கிய 'குளோபல் ஸ்போர்ட்ஸ் மென்டாரிங் புரோகிராம்' இதற்கு நல்ல உதாரணம். டென்னசி பல்கலைக்கழக மையம் ஒன்றின் துணையோடு, முதலில் பெண்கள் விளையாட்டுக்காக வந்தது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்கான பிரிவு பிறகு சேர்ந்தது. சுமார் ஐந்து வாரப் பயிற்சி, தூதரகங்கள் வழியாகத் தேர்வு. பிரிட்டனின் காமன்வெல்த் தொழில்முறை ஃபெல்லோஷிப்புக்கு, அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும்.

இவையெல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை. ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறும், சில சமயம் நின்றும் போகும். அந்த ஆண்டின் அறிவிப்பைக் கண்ணால் பார்த்த பிறகே வேலையில் இறங்குங்கள். பட்டம்தான் வேண்டும் என்றால், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தகவமைப்பு உடற்கல்வி (மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்த உடற்கல்வி) படிப்பைத் தேடிப் பாருங்கள்.

செயல்திட்டத்தில் என்ன எழுதுவது? 'விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்' என்று எழுதியிருக்கிறேன். (ஈரோடு சிறப்பாசிரியை)

அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள் அம்மா. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது அது. உங்களுக்கு மட்டுமே தெரிந்தது வேறு இருக்கிறது, அதை எழுதுங்கள்.

100 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளில் பலர் விசில் அடித்ததும் ஓடாமல் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர் ஒருவரை முடிவுக்கோட்டில் கைநீட்டி நிற்கவைக்கிறீர்கள். பிள்ளை அவரிடம் ஓடிவரப் பழகியதும், அவரைக் கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் பின்னால் நகர்த்துகிறீர்கள். அப்போதுதான் பிள்ளை வேகம் குறையாமல் கோட்டைத் தாண்டும். கடைசியில் அவர் இல்லாமலே ஓடவைக்கிறீர்கள். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது இந்தத் துறையின் அடிப்படைத் திறமை. உங்கள் கையில் இருக்கும் இதை இரண்டு பத்தியில் எழுதுங்கள்.

அப்புறம் திட்டம். பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களும் உங்கள் மாணவர்களும் ஒரே அணியில் ஆடும் 'யூனிஃபைட்' கால்பந்தைத் தொடங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த மைதானம், வாரத்தில் எந்த நாள், வேன் செலவு யாருடையது, நீங்கள் மாற்றலாகிப் போனால் யார் நடத்துவார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விளையாடுகிறவர்களில் ஒருவரையாவது திட்டமிடும் குழுவில் சேருங்கள். உதவிப் பயிற்சியாளராகவோ அணியின் பேச்சாளராகவோ வரக்கூடியவர்கள் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காகப் போடும் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் மாணவர்களைப் பாராலிம்பிக்ஸுக்குத் தயார்செய்வதாக எழுதலாமா? (மதுரை வாசகர்)

உண்மையாக இருந்தால் எழுதலாம். ஆனால் பலர் பாராலிம்பிக்ஸையும், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸையும் குழப்பிக்கொள்கிறார்கள், தேர்வுக்குழு அதை உடனே கண்டுபிடித்துவிடும். அமெரிக்க அதிபர் கென்னடியின் சகோதரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் முதல் போட்டி 1968-ல் சிகாகோவில் நடந்தது. எட்டு வயதானால் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு இல்லை. வயது, பால், திறன் மூன்றையும் பார்த்து ஏறக்குறைய சமமானவர்களை ஒரே பிரிவில் ஓடவிடுகிறார்கள். மெதுவாக ஓடுபவருக்கும் நிஜமான போட்டி கிடைக்கும்.

பாராலிம்பிக்ஸ் உச்சகட்டத் திறனுக்கானது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு அதில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மட்டும்தான். 2000 சிட்னி போட்டியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி, குறைபாடே இல்லாதவர்களை ஆடவைத்து ஏமாற்றியது. அதன் விளைவாக இந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள், 2012 லண்டனில்தான் திரும்ப வந்தது. செய்யாத தப்புக்கு உலகெங்கும் உள்ள பிள்ளைகள் அத்தனை ஆண்டு வெளியே நின்றார்கள். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தெலங்கானாவின் தீப்தி ஜீவாஞ்சி 2024 பாரிஸில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான 400 மீட்டர் டி20 பிரிவில் வெண்கலம் வென்றார்.

மகனின் கோச் வெளிநாடு போய்வந்தால் எங்களுக்கு என்ன லாபம்? அந்த மாதம் பயிற்சி நின்றுவிடுமே! (ஒரு தாய், திருநெல்வேலி)

உங்கள் கவலை நியாயமானது. அதே நேரம், அதே விசில், அதே வரிசையில் வார்ம்-அப் என்ற பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள். அது திடீரென்று அறுந்தால் பல மாத உழைப்பு போய்விடும். கிளம்புவதற்கு முன்பே மாற்றுப் பயிற்சியாளரைப் பிள்ளைகளோடு பழகவிட்டுப் போவது கோச்சின் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

லாபமும் உண்டு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997 முதல் 'ஹெல்தி அத்லெட்ஸ்' என்ற பெயரில் போட்டி நடக்கும் இடத்திலேயே கண், காது, பல், பாதம் எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதிக்கிறது. பல் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை ஓட மறுத்தால், நாம் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். ஷூ கடித்தாலும் இதே கதைதான். இதைக் கண்முன் பார்த்துத் திரும்பும் கோச், அடுத்த நாள் பிள்ளையின் வாயையும் பாதத்தையும் முதலில் பார்ப்பார். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் உறுதியாக இருப்பதில்லை. அவர்களைத் தலைகீழாகத் தண்ணீரில் குதிக்கவைப்பதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, நடையில் மாற்றம் தெரிந்தால் உடனே பயிற்சியை நிறுத்துங்கள்.

ஆங்கிலம் சுமார்தான். விண்ணப்பிக்கலாமா? (சேலம் வாசகர்)

தாராளமாக. பேசி வேலை பார்க்கும் அளவு ஆங்கிலம் வேண்டும், அலங்காரம் வேண்டாம். முதலில் தமிழில் எழுதி முடியுங்கள். அப்புறம் நண்பர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயருங்கள். நேர்காணலில் உங்கள் மைதானத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

ஏஜென்ட் ஒருவர் பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்கிறார். (பெயர் வேண்டாம் என்றவர்)

கட்டாதீர்கள். நான் மேலே சொன்ன அமெரிக்க, பிரிட்டன் ஃபெல்லோஷிப் இரண்டிலுமே பயணமும் தங்குமிடமும் அவர்கள் செலவு. இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார். நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், துறையின் தடையின்மைச் சான்றுக்கு இப்போதே எழுதிப்போடுங்கள். தேர்வான பிறகு அலைந்தால் தேதி கைநழுவிவிடும். அமெரிக்க அரசுச் செலவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போனால், பொதுவாக ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருந்த பிறகுதான் அங்கே ஹெச்-1பி போன்ற வேலை விசா கிடைக்கும். வீட்டில் இதைப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.