ரீகால் கடிதம் பழைய ஓனருக்குப் போயிருந்தால்?

கேள்வி: 2018 மாடல் ஹோண்டா அமேஸ். திருவனந்தபுரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கி டி.என். 75-க்கு மாற்றிவிட்டேன். ஃபியூயல் பம்ப் ரீகால் என்கிறார்கள். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. என் வண்டிக்கும் உண்டா? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ரீகால் என்றால் கோளாறுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித்தரக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது. கடிதம் வராததை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கம்பெனியிடம் இருப்பது பெரும்பாலும் முதல் ஓனரின் முகவரியும் போன் நம்பரும்தான். கேரள வண்டி வாங்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு இதே சிக்கல். ரீகால் சேஸிஸ் நம்பரைப் பொறுத்தது. நம்பர் பிளேட் மாறினாலும் அது மாறாது, எத்தனையாவது ஓனர் என்பதும் கணக்கில்லை.

ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். இங்கே தப்பாக அடித்துவிட்டு 'ரீகால் இல்லை' என்று நினைப்பவர்கள் உண்டு.

ஹோண்டா 2024 அக்டோபரில் அறிவித்தது 2017 ஆகஸ்ட் முதல் 2018 ஜூன் வரை தயாரான 90,468 கார்களுக்கு. அமேஸும் அதில் உண்டு. பம்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர்தான் கோளாறு. அது உருமாறி பம்பின் உட்சுவரில் உரசினால் பெட்ரோல் பிரஷர் விழும். ஒருநாள் பம்ப் அப்படியே நின்றுபோகும். முன்பே பம்ப் மாற்றிய வண்டி என்றாலும் விசாரியுங்கள்: ஸ்பேராக விற்ற பம்புகளுக்காக இன்னும் 2,204 கார்களையும் அதே அறிவிப்பில் சேர்த்தார்கள்.

பம்ப் டேங்குக்குள் இருப்பதால் கால் டேங்குக்கும் குறைவாக பெட்ரோல் வைத்துக்கொண்டு டீலரிடம் போனால் வேலை சுலபம். வெளி ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்து மாற்றாதீர்கள். ஜாப் கார்டில் (டீலர் வேலையைக் குறித்துத் தரும் தாள்) ரீகால் வேலை என்று எழுதி, பில்லில் பூஜ்யம் போட்டு வாங்குங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாள் பேசும்.

கேள்வி: ஓடும்போதே பம்ப் நின்றால் என்ன செய்வது? – ஆரல்வாய்மொழி வாசகி

பதில்: பெரும்பாலும் முன்னறிகுறி இருக்கும்: காலையில் செல்ஃப் இழுத்துக்கொண்டே போகும், மேட்டில் பிக்கப் விழும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வண்டி குலுங்கும். சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் கேட்கவில்லை என்றால் பம்பைச் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே காற்றிழுவை மிச்சம் இருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹஸார்ட் லைட் போட்டு, நியூட்ரலில் இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவவே கூடாது. ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

கேள்வி: காருக்குள் பெட்ரோல் வாடை. குளச்சலில் கடலோரம்தான் நிறுத்துகிறேன். உப்புக்காற்றுதான் காரணமா? – குளச்சல் வாசகர்

பதில்: இருக்கலாம், உப்புக்காற்று இரும்பு லைனையும் கிளாம்பையும் அரிக்கும். ஆனால் புது வண்டியிலும் வரும். 2019 ஆகஸ்டில் 40,618 வேகன்ஆர் கார்களை மாருதி திரும்ப அழைத்தது, ஃபியூயல் ஹோஸ் உலோகக் கிளாம்பில் உரசக்கூடும் என்பதால். காரணம் எதுவானாலும் வாடை இருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள். சூடான எக்ஸாஸ்டில் ஒரு சொட்டு பட்டாலே தீப்பிடிக்கலாம். வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: ரீகால் வேலைக்கு டீலர் காசு கேட்டால்? – தக்கலை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரைக் குறிப்பிட்டுக் கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஜாப் கார்டு, மெயில் நகல், பில் மூன்றும் கையில் இருக்கட்டும்.