முட்டை மிதந்தும் கருக்காய் நெல் அடியில் தங்குகிறதே – விதைத் தேர்வு

விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுத் தேர்வு செய்யும்போது, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பு சேர்ப்பார்கள்; நல்ல விதை மூழ்கும், கருக்காய் (அரைகுறையாக மணி பிடித்த நெல்) மிதக்க வேண்டும். கருக்காயும் அடியில் தங்கினால் கரைசலில் உப்பு போதவில்லை. முட்டை மேலே வந்த பிறகும் கருக்காய், நல்ல விதையோடு சேர்ந்து மூழ்குகிறது என்றால், முட்டை பழசாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு. நாளாக நாளாக உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். அளவு மாறாது, எடை மட்டும் குறையும். ஆக அடர்த்தி குறைகிறது. கொஞ்சம் உப்புக்கே அது மிதந்துவிடும். அரைகுறையாக மணி பிடித்த நெல் அந்தக் கரைசலைவிட அடர்த்தி கூடியது, மூழ்கத்தான் செய்யும். வெறும் பதர் மட்டும் மிதக்கும், அதற்கு உப்பே தேவையில்லை.

இதைச் செய்து பாருங்கள்:

1. முட்டையை முதலில் வெறும் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது. நிமிர்ந்து நின்றாலோ மிதந்தாலோ வேறு முட்டை எடுங்கள்.

2. 10 லிட்டர் தண்ணீருக்கு 1.5 கிலோ உப்பு. கல்லுப்பு என்றால் அடியில் துளியும் தங்காமல் கரைய வேண்டும். கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.09 கிலோ இருக்கும். புது முட்டை நாலணா (25 பைசா) காசு அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கூட்டுங்கள்.

3. நெல்லைக் கொட்டியதும் கையால் நன்றாகக் கிளறுங்கள். உமியில் ஒட்டிய காற்றுக்குமிழி நல்ல விதையையும் மிதக்க வைத்துவிடும்.

மூழ்கிய விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், இதில் அலட்சியம் வேண்டாம். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். மிச்சக் கரைசலை நாற்றங்கால் பக்கம் ஊற்றாதீர்கள்.