மகள் டை தைக்கும் தொழிலைத் தொடங்கட்டும், கடை மட்டும் இப்போது வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. போன வாரம் உங்கள் மகளும் தனியாக வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். அதனால் இரண்டு பேர் பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோவையில் காஸ்ட்யூம் டிசைன் படித்துவிட்டு வந்த பெண், வங்கித் தேர்வுக்கு உட்காராமல் டை தைத்து விற்கப்போகிறேன் என்கிறாள். சேலத்தில் கடை பிடிக்க மூன்று லட்சம் அட்வான்ஸ் கேட்கிறாள். "இந்த வெயிலில் யார் சார் டை கட்டுகிறார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொழிலைத் தடுக்காதீர்கள், கடையைத் தடுங்கள்.

தனக்காக ஆசைப்பட்டு, கடைப்படி ஏறி டை வாங்குகிறவர் நம் ஊரில் குறைவு. பள்ளிக்கூடம் கட்டச் சொல்கிறது, பிள்ளைக்கு வாங்குகிறோம். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது, கல்லூரி கேட்கிறது. ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை கோட் சூட் எடுக்கிறார், கூடவே டை வேண்டியிருக்கிறது. இதெல்லாம் ஆர்டர் தொழில். ஆர்டரைத் தேடி நாம்தான் போக வேண்டும். ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் வாடகைதான் ஏறும்.

இதில் உங்கள் மகளுக்கு நல்ல வழியாக எனக்குத் தெரிவது ரிசப்ஷன் டை. மணப்பெண்ணின் புடவை நிறத்திலேயே மாப்பிள்ளைக்கு டை வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். ரெடிமேடில் மெரூன் கிடைக்கும், நேவி புளூ கிடைக்கும். பெண் எடுத்திருப்பது மயில் கழுத்து நிறமோ, வாடாமல்லியோ என்றால் அங்கேதான் அலைச்சல். சேலத்துக்குப் பக்கத்திலேயே புடவை நெய்யும் ஊரான இளம்பிள்ளை இருக்கிறது. தறிக்காரரிடம் பேசி, தறியில் புடவை ஓடும் அதே பாவு நூலில் ஒரு மீட்டர் கூடுதலாக ஓட்டித் தரச் சொல்லலாம். புடவையோடு வரும் பிளவுஸ் துணி பிளவுஸுக்கே சரியாகிவிடும், அதை நம்ப முடியாது. கடையில் எடுத்த புடவை என்றால் நிறம் பொருந்துகிற சாட்டினைத் தேட வேண்டும். அதைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சை, மண்டபத்தில் வேறாகிவிடும். ஜரிகை நெருக்கமாக உள்ள பார்டரில் டை தைத்தால் முடிச்சு விழாது, விறைத்து நிற்கும். புடவையின் உடல் பகுதித் துணிதான் அதற்கு லாயக்கு.

உங்கள் மகள் தான் தைத்த டை ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். நேர்த்தியான கைத்தையல். ஆனால் ஒல்லி முனையைப் பிடித்துத் தொங்கவிட்டதும் மெல்லத் திரும்பி, முறுக்கிக்கொண்டு நின்றது. அவளே முகம் மாறிப்போய், "துணியை நேர் இழையில் வெட்டிட்டேன் சார்" என்றாள். டைக்குத் துணியை 45 டிகிரி குறுக்கு வாட்டத்தில் வெட்ட வேண்டும். உள்ளே வைக்கிற கான்வாஸும் அதே வாட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டி அவிழ்த்த பிறகு துணி பழைய நிலைக்குத் திரும்பும். குறுக்கே வெட்டினால் துணி நிறையச் சேதாரமாகும் என்று பயந்து மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் கட்டும் டை ஏறக்குறைய 57, 58 அங்குல நீளம் வரும். அதை மூன்று துண்டாக வெட்டி இணைப்பார்கள். ஒன்றை மட்டும் தனியாக வெட்டினால் துணி வீணாகத்தான் செய்யும். பத்து டைக்குச் சேர்த்து வரைந்து வெட்டினால் சேதாரம் குறையும். ஆர்டரைச் சேர்த்துவைத்து வெட்டு என்று நான் அவளிடம் சொன்னதற்கு இதுதான் காரணம். தப்பு எங்கே என்று அவள் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னாள் பாருங்கள், எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

பள்ளி டையில் எண்ணிக்கை அதிகம், ஆபத்தும் அதிகம். ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஆர்டர் முடிந்துவிடும். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், ஒரு பள்ளியின் வாய்வார்த்தையை நம்பி அறுநூறு டை தைத்து வைத்தான். பள்ளி அந்த வருஷம் சீருடையையே மாற்றிவிட்டது. ஒரு பள்ளியின் கோடு போட்ட டையை இன்னொரு பள்ளிக்கு விற்க முடியாது. எழுத்தில் ஆர்டர் வாங்கு என்று அவனுக்கு அழுத்திச் சொல்லாமல் விட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே எழுத்தில் ஆர்டர், பாதிப் பணம் முன்பணம், இரண்டும் இல்லாமல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். ஆடி மாதம் இன்ஜினியரிங், எம்.பி.ஏ. கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் சூடு பிடிக்கிற நேரம். ஐம்பது மாணவர்களுக்கு ஒரே நிறத்தில் டை என்று பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் பேசலாம். மார்கழியில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிறிஸ்தவக் கல்யாணங்கள் வரும். மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் ஒரே மாதிரி டை செட்டாகப் போகும். கேட்டரிங் கல்லூரிகள், ஹோட்டல்கள் வருஷம் முழுக்க உண்டு.

அமெரிக்க ஃபேஷன் டிசைனர் ரால்ஃப் லாரன் டை விற்றுத்தானே பெரிய ஆளானார் என்று உங்களிடமும் சொல்லியிருப்பாள். உண்மைதான். 1967இல் எல்லோரும் ஒல்லி டை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அகலமான டையைக் கொண்டுவந்தார். ஆனால் அதற்கு முன்பே ஒரு டை கம்பெனியின் விற்பனையாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர். தொடங்கியதும் சொந்தக் கடையில் இல்லை, வேறொரு டை கம்பெனியின் நிழலில். உங்கள் மகளும் மூன்று மாதம் ஒரு கோட் சூட் தையல் கடையில் வேலைக்குப் போகட்டும். சம்பளம் பெரிதாக இராது. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார், எதற்குத் திருப்பித் தருகிறார் என்பது அங்கேதான் தெரியும். அந்தத் தையல்காரரே நாளைக்கு முதல் ஆர்டர் கொடுப்பவராகவும் ஆகலாம்.

பணத்துக்கு வருகிறேன். மூன்று லட்சம் தராதீர்கள். ஐம்பதாயிரம் தாருங்கள், ஆறு மாதம் தாருங்கள். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று இப்போதே பேசிவிடுங்கள். வீட்டில் ஒரு அறை, இருக்கிற தையல் மிஷின், ஒரு நல்ல இஸ்திரிப் பெட்டி போதும். ஒவ்வொரு டைக்கும் துணி, கான்வாஸ், லைனிங், கூலி, லேபிள், கவர், கூரியர், சேதாரம் என்று தனித்தனியாக நோட்டில் எழுத வேண்டும். தன் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். அதைப் போடாமல் லாபம் என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் ஐம்பதாயிரம் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும், ஆனாலும் இந்த ஆறு மாதத்துக்குக் கடனே வேண்டாம். ஆர்டர் நிலையாக வந்து கூடுதல் மிஷின் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இப்போதே செய்துவிடலாம், அரசு தளத்தில் இலவசம். பணம் கேட்கிற ஏஜென்ட் யாரிடமும் போக வேண்டாம். தானே தயாரித்து விற்கும் குறுந்தொழில் என்று பதிவு இருந்தால், சரக்கை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளி, கல்லூரிகளோடு வரவு செலவு வைக்கும்போது இது கைகொடுக்கும். உள்ளூர் விற்பனை வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அந்தச் சலுகை கிடையாது. பெரிய பிராண்டின் லேபிளை ஒட்டித் தரச் சொல்லி யாராவது வருவார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது.

வங்கித் தேர்வு போய்விடுமோ என்ற உங்கள் பயம் புரிகிறது. அவளுக்கு இப்போது வயது 22. கிளார்க் தேர்வை 28 வரைக்கும், பி.ஓ. என்கிற அதிகாரி தேர்வை 30 வரைக்கும் எழுதலாம். ஆறு மாதத்தில் அந்தக் கதவு மூடாது. காலையில் இரண்டு மணி நேரம் படிக்க அவளே ஒத்துக்கொண்டாள், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் தேர்வை அவளுக்குத் தண்டனை போலச் சொல்லாதீர்கள். "டை போணியாகலேன்னா பரீட்சை எழுது" என்று நீங்கள் சொன்னதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

குறுக்கு வாட்டத்தில் வெட்டி இன்னொரு டை தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறாள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள். அந்த டையை நீங்களே தொங்கவிட்டுப் பாருங்கள்.