கார்பெட் கழுவ எந்த இயந்திரம் வாங்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாலறை வீட்டில் ஒரே ஒரு கார்பெட். சின்னப் பிள்ளை அடிக்கடி பால் கொட்டுகிறான். பெரிய இயந்திரம் தேவையா? (செங்காங் வாசகி)

தேவையில்லைங்க. கையில் தூக்கிப் போகும் ஸ்பாட் கிளீனர், அதாவது கறை பட்ட இடத்தை மட்டும் கழுவும் சின்ன இயந்திரம் போதும். சோபா, மெத்தை, கார் சீட்டுக்கும் உதவும். ஆனால் முழுக் கார்பெட்டையும் அதை வைத்துக் கழுவினால் முதுகு தாங்காது. அதற்கு எப்போதாவது சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

தள்ளிக்கொண்டு போகும் பெரிய இயந்திரத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்? போன முறை வாடகைக்கு எடுத்துக் கழுவியதில் இரண்டு நாள் நாற்றம் அடித்தது. (ஈசூன் வாசகர்)

உறிஞ்சும் திறனைத்தான். தண்ணீரைப் பீய்ச்ச எந்த இயந்திரத்தாலும் முடியும், அதைத் திரும்ப எடுப்பதில்தான் வித்தியாசம். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் கார்பெட்டின் அடிப்பகுதி லேசில் காயாது. உங்கள் வீட்டு நாற்றத்துக்கும் உள்ளே தங்கிய ஈரம்தான் காரணமாக இருக்கும்.

கடையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பீய்ச்சிய இடத்தின் மேல், தண்ணீர் விடாமல் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முனையில் உள்ள கண்ணாடி போன்ற மூடியில் நீர் ஓடுவது தெரியும். மூன்று நான்கு முறை இழுத்ததும் அது நின்றுவிட வேண்டும். பிறகு டிஷ்யூவை வைத்து அழுத்திப் பாருங்கள். சொட்டச் சொட்ட நனைந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.

அப்புறம், அழுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் கை நுழைகிறதா, பிரஷ்ஷைக் கழற்றி முடியை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் கழுவும்போது ஷாம்பு போட்ட பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். சோப்பு தங்கினால் அழுக்கு சீக்கிரம் ஒட்டும். கடைசியில் மின்விசிறியும் ஏர்கானில் டிரை மோடும் போட்டுவிடுங்கள்.

அமெரிக்க இணையக் கடையில் விலை குறைவு. வரவழைக்கலாமா?

வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டால் மோட்டார் கருகிவிடும்.

ஸ்டீம் மாப் இருக்கிறது. அது போதாதா?

போதாது. அது ஆவி விடும், அழுக்கை உறிஞ்சாது. பால், முட்டைக் கறையில் சூடு பட்டால் கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

சாம்பார் சிந்திய இடம், சோப்பு போட்டதும் சிவந்துவிட்டது! (தெம்பனிஸ் வாசகி)

பயப்படாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான் இதுவும். சோப்பின் காரத்தன்மை பட்டு மஞ்சள் நிறம் மாறியிருக்கிறது. கொஞ்சம் வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்தால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். அதுவும் வெயிலில் மெல்ல மங்கும். சன்னல் ஓரமாகப் போட்டு வையுங்கள். வினிகரை முதலில் கார்பெட்டின் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

அரபு ஸ்திரீட்டில் வாங்கிய பட்டுக் கம்பளத்துக்கு எந்த இயந்திரம்?

எதுவுமே வேண்டாம். பட்டு, சணல், விஸ்கோஸ் என்கிற செயற்கைப் பட்டு இதெல்லாம் தண்ணீர் தாங்காதவை. பிரஷ் சுழலாத வேக்குவம் மட்டும் போடுங்கள், கறை பட்டால் கம்பளம் வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.