நேர்ந்தவர் யார், கட்டுப்பட்டவர் யார்?

கேள்வி: என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நோயில் விழுந்தாள். பிழைத்தால் கன்னியர் சபைக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். வளர்ந்து அவளும் சபையில் சேர்ந்து, துறவு வாழ்வுக்கான வாக்காகிய முதல் வார்த்தைப்பாடு கொடுத்தாள். மூன்றாண்டு முடிந்ததும் புதுப்பிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறித்தவள் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். வரன் பார்க்கலாமா? வாழ்நாள் முழுதுக்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கே அதிலிருந்து விலக்குத் தரும் திருச்சபை, மணமானவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறது?

பதில்: உங்கள் மகள் எந்த வாக்கையும் முறிக்கவில்லை அம்மா. அதை உறவினர்களிடம் உரக்கச் சொல்லுங்கள்.

முதல் வார்த்தைப்பாடு காலவரையறை உள்ளது. மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஆறாண்டுக்கு மிகாமலும் சபையின் விதிநூல் வகுத்த காலத்துக்குக் கொடுப்பது. ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பிக்கும் சபைகளும் உண்டு. தேவைப்பட்டால் நீட்டிக்கலாம், மொத்தம் ஒன்பதாண்டைத் தாண்டக் கூடாது. காலம் முடிந்ததும் போக விரும்புகிறவர் போகலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 688 நேராகவே சொல்கிறது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் குறைந்தது ஓராண்டு நவதுறவு என்னும் பயிற்சிக் காலம், பிறகு குறைந்தது மூன்றாண்டு தற்காலிக வார்த்தைப்பாடு, 21 வயது நிறைவு என்று இத்தனை படிகளை வைத்திருப்பதே, தன் அழைப்பு இதுதானா என்று ஒருவர் நிதானமாகத் தெரிந்துகொள்ளத்தான். இல்லை என்று தெரிந்து வெளியே வந்தவர் அந்தக் காலத்தை நேர்மையாகப் பயன்படுத்தியவர்.

இனி உங்கள் நேர்ச்சை. மனம் நோகும் என்றாலும் சொல்லியாக வேண்டும்: மகளை நேர்ந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்பது சட்டம் 1193. உங்கள் உழைப்பையும் செபத்தையும் நோன்பையும் நீங்கள் நேரலாம்; இன்னொருவருடைய வாழ்க்கையை நேர முடியாது, அவர் நீங்கள் பெற்ற பிள்ளையே ஆனாலும். மனம் உறுத்தினால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சைக்கு, தக்க காரணம் இருந்தால், விலக்குத் தர அவருக்கே அதிகாரம் உண்டு; ஆயர் இல்லம்வரை போகவேண்டியதில்லை. ஆனால் மகள் காதில் அந்தப் பழைய நேர்ச்சை இனி ஒருபோதும் விழக் கூடாது.

இரண்டாவது கேள்வி பலருக்கும் உள்ளது. இரண்டும் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. துறவற வார்த்தைப்பாட்டில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றையும் ஒருவர் கடவுளுக்கே வாக்களிக்கிறார். உரிமை பெற்ற சபைத் தலைவி திருச்சபையின் பெயரால் அதை ஏற்கிறார். நித்திய வார்த்தைப்பாட்டின்போது, வசதிப்பட்டால், வார்த்தைப்பாட்டு ஏட்டில் பீடத்தின்மேல் வைத்தே கையொப்பமிடுவார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அந்தக் கையொப்பமே காட்டிவிடும்.

திருமணத்தில் நடப்பது வேறு. மணமக்கள் வலக்கை பிடித்து, இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். கடவுள் முன்னிலையில்தான்; ஆனால் தன்னையே கொடுப்பது எதிரில் நிற்பவருக்கு. குருவானவர் அந்த மன ஒப்புதலைக் கேட்டுத் திருச்சபையின் பெயரால் ஏற்கிறார். இரு சாட்சிகள் உடன் நிற்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் மரபில் திருமணம் என்னும் அருளடையாளத்தை வழங்குவோர் மணமக்களே. திருமணத்தை உண்டாக்குவது அவர்களுடைய ஒப்புதல். வேறெந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்கிறது சட்டம் 1057.

கடவுளுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து, கடவுள் பெயரால் அதிகாரம் பெற்ற திருச்சபை ஒருவரை விடுவிக்கலாம். அதுவும் எளிதல்ல. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு மிகக் கனத்த காரணம் வேண்டும்; திருத்தந்தையின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்ட பாப்பிறைச் சபை என்றால் உரோமைத் திருப்பீடமும், ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்ட மறைமாவட்டச் சபை என்றால் ஆயரும் அனுமதி தர வேண்டும். ஆனால் கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் தங்களையே கொடுத்தபின், அதைத் திரும்ப வாங்கித் தர மூன்றாமவருக்கு ஏது உரிமை? திருமுழுக்குப் பெற்ற இருவர் செல்லுபடியாக மணந்து உடலாலும் இணைந்தபின் சாவு ஒன்றே அந்தப் பிணைப்பை அவிழ்க்கும். உடலால் இணையாத திருமணத்தை நியாயமான காரணத்துக்காகத் திருத்தந்தை அவிழ்க்கலாம், அது அரிது.

‘திருச்சபையின் திருமண நீதிமன்றத்தில் விலக்குத் தருகிறார்களே’ என்பார்கள். அங்கே தருவது விலக்கு அல்ல. ஒப்புதல் சொன்ன அந்த நாளிலேயே அது குறைபட்டிருந்ததா என்று மட்டுமே விசாரிக்கிறார்கள். பிள்ளைப்பேறே வேண்டாம் என்று மனத்துக்குள் உறுதியாக விலக்கிவைத்தவர், ‘ஒத்துவந்தால் பார்ப்போம்’ என்று எதிர்காலத்துக்கு நிபந்தனை வைத்தவர், அச்சத்தால் தலையாட்டியவர் ஆகியோரின் ஒப்புதல் செல்லாது. அன்று சரியாக இருந்து பத்தாண்டு கழித்துக் கசந்துபோனால், அந்த மனவேதனை உண்மையானது. அதனால் திருமணம் செல்லாததாகிவிடாது.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். துறவு சபையில் கொடுத்த நித்திய வார்த்தைப்பாடுதான் திருமணத்துக்குத் தடை. திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கச் சட்டம் சொல்வதும் அதைத்தான். உங்கள் மகளுக்கு அந்தத் தடையே இல்லை.

ஆனால் ஊர்வாயை அடைக்க அவசரப்பட்டு மணமுடித்து வைக்காதீர்கள். சபையில் செய்த பணிக்காக எதையும் கேட்டுவாங்கும் உரிமை உங்கள் மகளுக்கு இல்லை. எனினும் வெளியேறுகிறவரிடம் நீதியோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ளச் சட்டம் 702 சபையைக் கடமைப்படுத்துகிறது. படிப்பைத் தொடரவோ வேலை தேடவோ கைகொடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள். வீட்டாரின் கடும் நெருக்கடியிலிருந்து தப்ப வேறு வழியின்றி ஒருவர் ‘சம்மதம்’ சொன்னால், மிரட்டும் எண்ணம் யாருக்கும் இல்லாதிருந்தாலும், அந்தத் திருமணம் செல்லாது, சட்டம் 1103. முதலில் மகள் ஒரு வேலையில் நிலைகொள்ளட்டும். வரன் பார்க்கட்டுமா என்று பிறகு அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.