ஆர்ச் கட்டுவதற்கு முன்

அன்புள்ள சார்,

நான் கோத்தகிரிப் பக்கம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மலையிலேயே ஒரு கல்லூரியில் 1999இல் பி.எஸ்சி. முடித்தேன். எங்கள் செட்டில் 34 பேர் வாட்ஸ்அப்பில் சேர்ந்து, கல்லூரிக்கு ஏதாவது செய்யலாம் என்று ஆறு லட்சம் வரை சேர்த்திருக்கிறோம். செட் பெயர் போட்டு நுழைவாயிலில் ஆர்ச் கட்டலாம் என்பது பெரும்பாலோர் விருப்பம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மாற்று சொல்லவும் தெரியவில்லை. ஒரு நண்பர், 'ஹார்வர்டுக்குப் பத்து கோடி கொடுத்த அரசாங்கம் நம்ம காலேஜுக்குக் கொடுக்கட்டுமே, நாம எதுக்கு?' என்கிறார். இன்னொருவர், 'என் பொண்ணு சீட்டுக்கு நான் கொடுத்த டொனேஷனே போதும்பா' என்று ஒதுங்கிவிட்டார். துபாயில் ஒருவரும் கனடாவில் இருவரும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். நீங்கள் கல்லூரியில் வேலை பார்த்தவர். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் இரண்டாவது நண்பரின் கோபத்தைப் பேசிவிடலாம், அது நியாயமான கோபம். தமிழில் நன்கொடை என்ற சொல்லுக்கு ஒரு பொருள், டொனேஷன் என்ற சொல்லுக்கு வேறு பொருள். கல்லூரி வாசலில் 'டொனேஷன் எவ்வளவு?' என்று கேட்டால் யாரும் தர்மத்தைப் பற்றிக் கேட்பதாக நினைக்க மாட்டார்கள். சீட்டுக்கு விலை என்னவென்றுதான் அர்த்தம். இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ரசீதில் 'கட்டட நிதி' என்று எழுதிக் கொடுத்தாலும், சீட்டுக்குப் பதிலாகக் கை மாறிய பணம் நன்கொடை ஆகாது. ஒரு சொல்லை இப்படிக் கெடுத்து வைத்திருக்கும் ஊரில், உண்மையாகவே கொடுக்க வருபவரையும் 'இவருக்கு என்ன வேண்டுமாம்?' என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குத் தயாராகிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஹார்வர்டு. அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவி, அமைக்க 60 லட்சம் டாலர் கேட்டார்கள். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் கொடுத்தார்கள், தமிழக அரசும் பத்து கோடி ரூபாய் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மொத்த நிதி அன்றைக்கே 3,500 கோடி டாலருக்கு மேல், அவர்களுக்கு நாம் போய்க் கொடுக்க வேண்டுமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் உங்கள் நண்பர் போடும் கணக்கு தப்பு. அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் நிரந்தரப் பணியிடத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மாதாமாதம் அரசுதான் சம்பளம் போடுகிறது. ஓர் ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டினால் மாநிலம் முழுக்க அது பத்து கோடியை எங்கோ தாண்டிப் போகும். அரசாங்கம் எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது கொடுப்பதில் விழும் ஓட்டைகள் எங்கே என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

அந்த ஓட்டையை நான் ஓர் அலமாரிக்குள் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த கல்லூரிக்கு ஒரு செட் மாணவர்கள் பன்னிரண்டு மைக்ராஸ்கோப் வாங்கித் தந்தார்கள். நல்ல கருவிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கொடுத்தவர் பெயர் ஒட்டியிருந்தது. விழா, பொன்னாடை, வடை, காபி எல்லாம் ஆயிற்று. நம் ஊர் ஈரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பீரோவுக்குள் செருப்பே பூத்துக் கிடக்கும். லென்ஸ் கண்ணாடியும் அப்படித்தான். முதலில் ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று தெரியும், அடுத்த மழைக்குள் அது சிலந்தி வலையாகப் படர்ந்துவிடும். பூஞ்சணம் லென்ஸில் ஆழமாகத் தின்றுவிட்டால் துடைத்தாலும் போகாது. எங்கள் லேப் அட்டெண்டருக்கு இது தெரியும். பழைய மர அலமாரியின் அடித்தட்டில் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, மழை மாதங்களில் எரியவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தச் சூட்டில் அலமாரிக்குள் ஈரம் நிற்காது. சனி ஞாயிறுகூட ஒரு தடவை வந்து பார்ப்பார்.

அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பல்பு ஃபியூஸ் ஆனதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மழை போனது. நான் பார்க்கும்போது பன்னிரண்டில் ஏழில் செல்லைப் பார்ப்பதா பூஞ்சணத்தைப் பார்ப்பதா என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கலாமே என்று கேட்டேன். 'எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது?' என்று திருப்பிக் கேட்டார்கள். புதுக் கருவி வாங்கத் தலைப்பு உண்டு, இருக்கும் கருவியைத் துடைக்கத் தலைப்பு இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு பணமும் பெரும்பாலும் இப்படித்தான் வந்து போகும். 1956ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் பெயர் ஏறிய கல்லூரிகளுக்குத்தான் அதன் வளர்ச்சி மானியம். அதுவும் இன்னின்னதற்கு என்று கட்டம் போட்டு வரும். நிதியாண்டு முடியப் போகும் நேரத்தில் வந்து சேர்ந்தால், மார்ச் 31க்குள் செலவழித்துப் பயனீட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அந்தச் சான்றிதழை ஆபீசில் 'யூ.சி.' என்பார்கள். முந்தைய யூ.சி. போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். அவசரத்தில் வாங்கிய பீரோக்கள் பல கல்லூரி வராந்தாக்களில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் ஏறக்குறைய இதே ரகம். சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அவர்களுக்குப் போட்டோவில் தெரிகிற பொருள்தான் வேண்டும். நாற்பது வாட் பல்பு போட்டோவில் நன்றாக வராது.

ஆகவே உங்கள் ஆறு லட்சம் ஆர்ச்சுக்குப் போக வேண்டாம். யாருக்கும் தலைப்பு இல்லாத செலவுக்குப் போகட்டும். பழுது பார்ப்பது, துடைப்பது, புத்தகத்துக்கு அட்டை போடுவது, சாயங்காலம் லேப் பூட்ட ஓர் ஆள், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற நாலு பிள்ளைகள். இதெல்லாம்.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. 'வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியில் செய்யலாம், நம் பெயர் என்றைக்கும் நிற்கும்' என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். நம் கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைப் பாருங்கள். முப்பது ஆண்டுக்கு முன் யாரோ ஒரு மகன் அப்பா பெயரில் 25,000 ரூபாய் போட்டிருப்பார். அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு ஆறரை விழுக்காட்டில் ஆண்டுக்கு 1,600 ரூபாய் வரும். பேச வருகிறவருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து டாக்ஸி பிடிக்கக்கூடப் பத்தாது. மீதியைத் துறைத்தலைவர் தன் கைக்காசில் போடுவார், அல்லது சொற்பொழிவே 'இவ்வாண்டு இயலவில்லை' என்று நின்றுபோகும். ஹார்வர்டின் இருக்கையும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். போட்ட முதல் பணத்தைத் தொடாமல் ஆண்டுக்கு நாலைந்து விழுக்காடு எடுத்துப் பேராசிரியருக்குச் சம்பளம். அந்தப் பணத்தைப் பல இடங்களில் போட்டு விலைவாசிக்கு மேல் வளர்க்க அவர்களிடம் ஒரு தனிப்படையே இருக்கிறது. நம்மிடம் இருப்பது பஜார் தெரு வங்கியின் வைப்புநிதி ரசீது.

உங்கள் ஆறு லட்சத்துக்கு வட்டி மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 39,000. அதையே பத்து ஆண்டில் முதலும் தீர்ந்துபோகட்டும் என்று துணிந்து எடுத்தால், அதே வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 83,000 கிடைக்கும். மாதம் ஏழாயிரம். அரைநாள் வேலைக்கு ஓர் ஆளும் போடலாம், பல்பும் வாங்கலாம். பத்து ஆண்டுக்கு அப்புறம்? 2009 செட் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

பெயர் நிற்பதைப் பற்றி ஒரு சங்கதி. குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கம் இருக்கும் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் வெறிநாய் கடித்தால் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். இங்கே அதைத் தொடங்க உதவியது ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் பணம். எஃகு வியாபாரத்தில் கோடீஸ்வரர் கார்னகியின் கூட்டாளி. வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதையும் அவரிடமே விட்டார். பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அந்த மனிதரின் நன்கொடையில் எழுந்ததுதான். குன்னூரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நம் கீழ்நாட்டில் பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1794இல் அவர் உயில் எழுதியது கோயில் தர்மங்களுக்கு. அந்தச் சொத்து பல கைகளில் சிக்கி, வழக்காகி, கடைசியில் மிஞ்சிய பணத்தில்தான் 1842இல் பள்ளிக்கூடம் வந்தது, பின்னால் கல்லூரி ஆயிற்று. கல்லூரி கட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் கதை இதைவிட வேடிக்கை. மதராஸில் கவர்னராக இருந்து சம்பாதித்த எலிஹு யேல் 1718இல் புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்ப, சரக்கை விற்று 562 பவுண்டு எடுத்துக்கொண்டு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அவருடைய அடிமை வியாபாரத் தொடர்பு இன்றைக்கு அந்தப் பெயரைத் துரத்துகிறது. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி, ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவனின் ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது. அந்த நிலத்தை இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. அப்படியானால் முதல் நன்கொடையாளர் யார் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. கல்வெட்டில் அதற்கு இடம் இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். துபாய் நண்பர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக்காரர்கள் அந்நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்குகிற அமைப்புக்கு அதற்கான உள்துறை அமைச்சகப் பதிவும், டில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். 'ஊருக்கு வரும்போது கையில் கொடுக்கிறேன்' என்ற குறுக்கு வழிக்குப் போகாதீர்கள், பின்னால் தலைவலி. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய நன்கொடைக்கான வரி விலக்கு பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதுவும் வாங்குகிற அமைப்புக்கு அந்தப் பதிவு இருந்தால். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. முன்னாள் மாணவர் சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். கையெழுத்து இரண்டு பேர், ஒருவர் கல்லூரிக்காரர், ஒருவர் உங்கள் செட். வரவு செலவை ஏப்ரலில் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். இதை முன்கூட்டியே பேசிவிட்டால் யாருக்கும் முகம் சுளிக்காது. கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்ச் கேட்கும் நண்பர்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்களை ஒரு தடவை கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். மே மாதம் பூக்காட்சிக் கூட்டத்தில் வேண்டாம், அப்போது எல்லாமே அழகாகத் தெரியும். கல்லூரி ஊட்டி, கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூலையில் போங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் ஐப்பசி மழையில். முதல்வர் அறையில் டீ குடித்துவிட்டு, லேப் அலமாரியைத் திறக்கச் சொல்லி மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். மைக்ராஸ்கோப் இருந்தால் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்கே அரைமணி ஆகும். அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.