புளூ-ரே பிழைக்குமா? பிளேயரைக் கேளுங்கள்

கேள்வி: போட்டி வட்டான எச்டி டிவிடியை வீழ்த்திய புளூ-ரே திரைப்பட வட்டு, இப்போது ஓடிடி தளங்களிடம் தோற்றுவிட்டது என்கிறார்கள். சோனி நிறுவனமே புளூ-ரே உற்பத்தியை நிறுத்திவிட்டதாகவும் படித்தேன். 4கே படங்கள் இணையம் வழியாகவே வீட்டுக்குள் வரும் காலத்தில் இந்த வட்டுகளுக்கு எதிர்காலம் உண்டா? நான் வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது, நாமே பதிவு செய்துகொள்ளும் வெற்று புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை. திரைப்படங்களைப் பதித்து விற்கும் வட்டுகள் வேறு. இரண்டையும் குழப்பி "புளூ-ரே முடிந்தது" என்று எழுதியவர்கள் பலர்; நீங்கள் படித்ததும் அத்தகைய செய்தியாகத்தான் இருக்கும்.

இனி கேள்விக்கு வருகிறேன். புளூ-ரே பிழைக்கும், ஆனால் எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளாக அல்ல. உண்மையில் அந்த நிலையை அது எப்போதுமே எட்டவில்லை. டிவிடியை அது முழுதாக விரட்டியதே கிடையாது. புளூ-ரே வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும் டிவிடிதான் அதிகம் விற்றது. அதனால் "தோற்றுவிட்டது" என்று பேசும்போது எதை இழந்து தோற்றது என்று கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கவலை தருவது ஓடிடி அல்ல. வட்டை ஓட்டும் கருவி குறைந்துகொண்டே போகிறதே, அதுதான் கவலை.

பழைய போட்டியையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில்தான் விடை இருக்கிறது. 2006இல் சில மாத இடைவெளியில் இரண்டு வடிவங்களும் சந்தைக்கு வந்தன. இரண்டும் பயன்படுத்தியது 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதே நீலஊதா லேசரைத்தான். டோஷிபாவின் எச்டி டிவிடி ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட் கொள்ளும், புளூ-ரே 25. ஆனால் எச்டி டிவிடிக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அதன் தகவல் அடுக்கு, டிவிடியைப் போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருந்ததால், ஏற்கெனவே இருந்த டிவிடி தொழிற்சாலைகளைச் சற்று மாற்றியே அதை அச்சிட முடிந்தது. புளூ-ரேயில் அந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. கீறலைத் தாங்கத் தனிக் கடினப் பூச்சும் தேவைப்பட்டது. செலவுக் கணக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லியிருந்தால் எச்டி டிவிடிதான் வென்றிருக்கும்.

வெல்லவில்லை. கொள்ளளவுதான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2006 நவம்பரில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி ஒவ்வொன்றும் ஒரு புளூ-ரே பிளேயர். விளையாட வாங்கியவர்களின் வீட்டில், அவர்கள் கேட்காமலேயே ஒரு பிளேயர் வந்து உட்கார்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டோ தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கான எச்டி டிவிடி இயக்கியை, அதாவது வட்டை ஓட்டும் பாகத்தை, தனியாக, கூடுதல் விலைக்கு விற்றது. பிளேயர் எந்தப் பக்கம் பெருகியதோ அந்தப் பக்கம் படங்கள் விற்றன. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ இனி புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. ஆறரை வாரங்களில், பிப்ரவரி 19 அன்று, டோஷிபா விலகிக்கொண்டது.

இப்போது அதே கதை பின்னோக்கி ஓடுகிறது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதே வட்டு இயக்கி இல்லாத ஒரு வகையும் கூடவே வந்தது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் இயக்கியே கிடையாது. வேண்டுமானால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். எச்டி டிவிடியைக் கவிழ்த்தது எதுவோ, அதையே சோனி தன் சொந்தக் கருவியில் செய்கிறது. உயர்தர பிளேயர்களுக்குப் பெயர்பெற்ற ஒப்போ 2018இல் இத்துறையை விட்டு விலகியது. அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பிளேயர் கிடையாது என்று சாம்சங் 2019இல் சொன்னது. 2024இல் எல்ஜியும் நிறுத்தியது. கணினி வழியாவது பார்க்கலாம் என்றால் அங்கும் கதவு சாத்தப்பட்டது: 4கே புளூ-ரேயின் திருட்டுத் தடுப்புக்குத் தேவையான ஒரு பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புதிய மேசைக்கணினி, மடிக்கணினிச் செயலிகளிலிருந்து நீக்கிவிட்டது. சட்டப்படி விற்கப்படும் மென்பொருளும், காசு கொடுத்து வாங்கிய வட்டும் கையில் இருந்தும் அந்தக் கணினிகளில் படம் ஓடாது. நேர்மையாக வாங்கியவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இது. இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேள்வி எழுப்பாதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைகளில் வாங்க ஆளில்லாததால்தான் நிறுத்துகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். வாங்குபவர் குறைந்தது உண்மைதான். தபாலில் வட்டு அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடியது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024இல் திரைப்பட வட்டு விற்பனையைக் கைவிட்டன. கடையில் கண்ணில் படாத பொருளை யார் நினைத்துக்கொண்டு போய் வாங்குவார்கள்? விற்பனைச் சரிவும் கருவிகளின் மறைவும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

சரி, படத்தின் தரம் எப்படி? "4கே" என்ற முத்திரை இரண்டிலும் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முத்திரை திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே சொல்கிறது; ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தகவல் செலவிடப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். இரண்டு மணி நேரப் படத்துக்குக் கணக்கிட்டால் 13.5 ஜிகாபைட்தான் ஆகிறது. 2016இல் அறிமுகமான 4கே புளூ-ரே வட்டு 66 அல்லது 100 ஜிகாபைட் வரை கொள்ளும். தேவைப்படும் காட்சியில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் செலவழிக்கும். பகல் வெளிச்சத்தில் இருவர் நின்று பேசும் காட்சியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. இருட்டறை, மூடுபனி, மழை, புகை, அலையடிக்கும் நீர் என்று வரும்போது பாருங்கள். ஓடிடியில் இருள் படிப்படியாக மங்காமல் பட்டை பட்டையாகப் பிரியும், மழை குழம்பிப்போகும். ஃபிலிமில் எடுத்த படத்துக்கே உரிய மணித்துகள் தன்மை அழிந்து, முகங்கள் மெழுகு பூசியவைபோல ஆகிவிடும். ஒளிப்பதிவாளர் உழைத்து உருவாக்கியதை, அனுப்பும் செலவைக் குறைப்பதற்காகத் துடைத்தெடுக்கிறார்கள். ஒலியும் அப்படித்தான். வட்டில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்று, ஒலிக்கூடத்தில் முடித்த பதிவு ஒரு துளியும் குறையாமல் கிடைக்கிறது. பெரும்பாலான தளங்கள் தருவது சுருக்கிக் குறைத்த ஒலி.

ஆனாலும் வட்டின் ஆயுளைத் தரத்தின்மேல் மட்டும் கட்ட நான் விரும்பவில்லை. அந்த இடைவெளி குறையக்கூடியது. சோனி தன் தொலைக்காட்சிகளுக்காக 2021இல் தொடங்கிய சேவை நொடிக்கு 80 மெகாபிட் வரை அனுப்புகிறது. சுருக்கும் நுட்பங்களும் மேம்பட்டுக்கொண்டே வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் "படம் தெளிவாக இருக்கிறது" என்பது வட்டு வாங்க ஒரு காரணமாக இல்லாமல் போகலாம்.

மாறாத காரணம் ஒன்று உண்டு: வாங்கிய படம் உங்களிடமே இருக்கும். இணையத்தில் "வாங்கிய" படம் அப்படி இருப்பதில்லை. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பல சேர்ந்து 2011இல் தொடங்கிய அல்ட்ராவயலட் என்ற இணையப் படப்பெட்டகம் 2019 ஜூலையில் மூடப்பட்டது. மக்கள் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை அவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்போவதாக 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு பின்வாங்கியது. ஆனால் நீக்கும் அதிகாரம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இணையத்தில் விற்கப்படுவது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2025 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாதச் சந்தா செலுத்துபவருக்கு இந்த அளவு பிடிமானம்கூட இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும்.

வட்டுக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருட்டுத் தடுப்புச் சாவிகள் மாறுவதால், மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய பிளேயரில் புதிய வட்டு ஓடாமல் போவதுண்டு. சாதாரண புளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மண்டலத் தடை உண்டு; ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. 4கே வட்டுகளில் நல்லவேளையாக அது இல்லை. மோசமாகத் தயாரித்த வட்டு பெட்டிக்குள் இருந்தபடியே கெடும்: 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகள் சில கெட்டுப்போனதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது.

சிறிய சந்தையில் ஒரு வடிவம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு, டிவிடிக்கு முந்தைய பட வட்டான லேசர்டிஸ்க் சாட்சி. 1978இல் வந்தது, விஎச்எஸ் வீடியோ நாடாவின் பக்கத்தில்கூட அதன் விற்பனை நெருங்கியதில்லை. ஆனாலும் பயனியர் நிறுவனம் அதன் பிளேயர்களை 2009 வரை தயாரித்தது. முப்பது ஆண்டுகள்! படத்தை மதித்து வாங்கிய சிறு கூட்டம் அதைத் தாங்கியது. படங்களைத் தேர்ந்தெடுத்து வட்டாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 1984இல் பிறந்ததும் அந்த வட்டுகளை நம்பித்தான். இன்று கிரைட்டீரியன், ஆரோ, வினிகர் சிண்ட்ரோம் போன்ற சிறு நிறுவனங்கள் பழைய படங்களின் மூலப்பிரதிகளைத் தேடி எடுத்து, செப்பனிட்டு, புளூ-ரேயாக வெளியிடுகின்றன. அவற்றுள் பல எந்தத் தளத்திலும் கிடைக்காத படங்கள். பெரிய ஸ்டூடியோக்கள் ஒதுங்கினாலும் இவர்கள் இருக்கும்வரை வட்டு அச்சாகும். ஆனால் இவர்களால் வட்டு அச்சிட முடியும், பிளேயர் செய்ய முடியாது.

ஆகவே, நீங்கள் வாங்கலாமா? ஒருமுறை பார்த்து மறந்துவிடப்போகும் படத்துக்கு வட்டு வேண்டாம், சந்தாவே போதும். பத்து ஆண்டு கழித்தும் பார்க்க விரும்பும் படங்களை வட்டாக வாங்குங்கள். அதற்கு முன் ஒரு நல்ல 4கே பிளேயரை வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: வட்டு பழைய பொருள் சந்தையில் நெடுநாள் கிடைக்கும், பழைய பிளேயரின் லேசர் தேய்ந்திருந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. விளையாட்டுக் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் வட்டு இயக்கி உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.